பார்வதிபுரம் வருவதற்குள் வழிகிற மேக்கப்: கேட்டதும் சொன்னதும்

நாகர்கோவிலில் 17 வருஷமாக அழகு நிலையம் நடத்துகிறேன். முகூர்த்த மாதம் வந்தால் விடிகாலை மூன்று மணிக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலை. போன வாரம் "மேக்கப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று வாய்விட்டுவிட்டேன். வந்து குவிந்ததில் பாதி சந்தேகம், மீதி புலம்பல்.

தக்கலை, கல்லூரி மாணவி: அக்கா, காலை ஏழரைக்கு பஸ் ஏறுகிறேன். பார்வதிபுரம் வருவதற்குள் முகத்தில் கோடு கோடாக வழிகிறது. எங்கே தப்பு?

பாதித் தப்பு நம் ஊர்க் காற்று மேல். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் நமக்கு உண்டு. காற்றில் இவ்வளவு ஈரம் இருந்தால் வியர்வை உலராது, முகத்திலேயே நிற்கும். ஏசி அறையில் உட்கார்ந்து ஏழு அடுக்கு போடுகிறவர்களின் வீடியோவைப் பார்த்து இங்கே போட்டால் வழியத்தான் செய்யும்.

குளித்த சூட்டோடு போடாதீர்கள், முகம் ஆறட்டும். முதலில் சன்ஸ்கிரீன். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். அது படிவதற்குள் தலை சீவி முடித்துவிடலாம். பவுண்டேஷன், அதாவது தோல் நிறத்துப் பூச்சு, முகம் முழுக்க எதற்கு? மூக்கோரம், வாயோரம், பரு இருந்த தழும்பு, அவ்வளவுதான். நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள், இழுக்காதீர்கள். பவுடர் நெற்றி, மூக்கு, தாடைக்கு மட்டும்.

பஸ்ஸில் வியர்த்ததும் கைக்குட்டையால் துடைக்கிறீர்கள் அல்லவா, அந்தக் கோடு அப்படித்தான் வருகிறது. டிஷ்யூவை வைத்து அழுத்தி எடுங்கள். வியர்வை மேலேயே கம்பாக்ட் பவுடரை அப்பினால் கோடு திட்டாக மாறும், வேறொன்றும் நடக்காது. அப்புறம் ஒன்று கேட்கிறேன், காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிறீர்களா? அது வெயிலில் உருகி நெற்றி வழியாக இறங்கும். ராத்திரி வைத்து, காலையில் அலசிவிடுங்கள்.

மார்த்தாண்டம்: கடையில் பார்க்கும்போது சரியாக இருந்த பவுண்டேஷன், போட்டோவில் முகம் வேறு, கழுத்து வேறு என்று காட்டுகிறதே?

கடையில் புறங்கையில் தடவிப் பார்த்திருப்பீர்கள். கையும் முகமும் ஒரே நிறமா என்ன? தாடை எலும்பு ஓரத்தில், கழுத்தைத் தொடுகிற மாதிரி மூன்று ஷேடை வரிவரியாக இழுங்கள். டியூப் லைட்டை நம்பாமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்த வரி தோலோடு காணாமல் போகிறதோ, அதுதான் உங்களுடையது. உடனே வாங்காமல் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். சில பவுண்டேஷன் காற்றுப் பட்டதும் ஒரு படி கறுக்கும்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர்ப் பக்கம்தான், மே மாதம், சர்ச் கல்யாணம். நல்ல மாநிறப் பெண், வெள்ளைச் சேலை. அம்மா பின்னால் நின்றுகொண்டு "இன்னும் கொஞ்சம் வெளுப்பா, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் தடவை நானும் பணிந்துவிட்டேன். ஆல்பம் வந்தது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகம் சாம்பல் பூசணி, காது இரண்டும் யாரோ இரவல் கொடுத்த மாதிரி. அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் ஆல்பத்தை மூடி வைத்தாள். இப்போதெல்லாம் அம்மாக்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறேன்.

வடசேரி: மேக்கப் போட்டால் "என்ன மக்கா, சுவருக்கு வெள்ளை அடிச்சிருக்கா?" என்கிறார்கள். போடாமல் போனால் "உடம்புக்குச் சுகமில்லையா?" என்கிறார்கள். எதைத்தான் செய்வது?

இரண்டுக்கும் "ஆமா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். 17 வருஷத்தில் நான் கண்டுபிடித்த ஒரே மருந்து இதுதான்.

இரணியல்: கண்மை மதியத்துக்குள் கண்ணுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. கைக்குழந்தைக்கும் மை போடலாமா?

உங்களுக்கு: கீழ் இமையின் உள்பக்கம் முழுக்க இழுக்காமல் வெளிக்கோடி மூன்றில் ஒரு பங்கு மட்டும் இழுங்கள். இமைக்குக் கீழே கிரீம் பிசுபிசுப்பு இருந்தால் ஒற்றி எடுத்துவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் மை மேலேயே கொஞ்சம் பழுப்பு ஐ ஷேடோவைப் பதியுங்கள். மாலை வரை நிற்கும்.

குழந்தைக்கு: கண்ணுக்குள் வேண்டாம். வீட்டில் விளக்குச் சுட்டு எடுத்த மையானாலும் விரலில் இருக்கிற அழுக்கு கண்ணுக்குள் போகும். சுர்மா என்று விற்கிற கண்மைப் பொடிகள் சிலவற்றில் ஈயமே கலந்திருக்கிறது, குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது கெடுதல். திருஷ்டிதானே கவலை? உள்ளங்காலில் ஒரு பொட்டு வையுங்கள்.

கருங்கல்: அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வெளுப்பு கிரீம் போட்டேன். பத்தே நாளில் வெளுத்தது. இப்போது நிறுத்தினால் முகம் சிவந்து எரிகிறது, பருவும் வருகிறது. திரும்பப் போடவா?

போடாதீர்கள். இந்த ஒரு பதிலை எல்லோரும் படியுங்கள்.

பத்து நாளில் வெளுப்பாக்குகிற கிரீமில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும். ஒன்று ஸ்டீராய்டு. தோலை மெலியவைக்கும், சின்ன ரத்தக்குழாய்கள் வெளியே தெரியும், மீசை மாதிரி ரோமம்கூட முளைக்கும். நிறுத்தினால் நீங்கள் சொல்கிற அதே எரிச்சல். எரிச்சல் பொறுக்காமல் மறுபடி போடுவார்கள், மறுபடி மாட்டுவார்கள். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் மருந்துக் கடையில் சும்மா கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று பாதரசம். நம் நாட்டு விதிப்படி கண்ணுக்குப் போடுபவை தவிர மற்ற அழகுப் பொருள்களில், தெரியாமல் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. பாதரசம் தோல் வழியாக உள்ளே போய் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நமக்குப் பக்கத்திலேயே, கேரளாவில் மலப்புரம் பக்கம், சிறுநீரகக் கோளாறோடு வந்த பலர் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்கள் என்று 2023இல் செய்தி வந்தது.

டப்பாவைத் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். கால் வீக்கமோ, சிறுநீரில் நுரையோ இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் என்னைப் போன்ற பியூட்டிஷியன் சொல்வதைக் கேட்காதீர்கள், டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

குளச்சல், கடலுக்குப் போகும் தம்பி: சன்ஸ்கிரீன் பெண்கள் சமாச்சாரம் என்று கூட்டாளிகள் சிரிக்கிறார்கள்.

சிரிக்கிறவர்களைவிட உங்களுக்குத்தான் அது அதிகம் தேவை. வெயில் மேலிருந்தும் அடிக்கும், தண்ணீரில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். தண்ணீரில் கரையாத வகை என்று அட்டையில் போட்டிருக்கும், வெயிலைத் தடுக்கிற அளவைச் சொல்கிற எஸ்பிஎஃப் எண் 30க்குக் குறையாமல் வாங்குங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போடவேண்டும். காதையும் பிடரியையும் விட்டுவிடாதீர்கள். மீசையில் வெள்ளை ஒட்டுகிறது என்றால் ஜெல் மாதிரி வருவதைக் கேட்டு வாங்கலாம்.

சுசீந்திரம்: ஸ்டிக்கர் பொட்டு வைக்கிற இடத்தில் வட்டமாக வெளுத்திருக்கிறது.

பசைதான் காரணமாக இருக்கும். சிலருடைய தோலில் அந்தப் பசை நிறத்தையே எடுத்துவிடும். இன்றைக்கே நிறுத்துங்கள், டாக்டரிடம் காட்டுங்கள், அதுவரை நெற்றி காலியாக இருக்கட்டும். அரிப்பும் சேர்ந்திருந்தால் மலிவான சாயக் குங்குமத்தையும் தொடாதீர்கள்.

ஆரல்வாய்மொழி: என் கல்யாணப் பெட்டியில் 2019இல் வாங்கிய மஸ்காரா இன்னும் புதுசு மாதிரி இருக்கிறது.

இருக்கும், ஆனால் கண்ணுக்கு வேண்டாம். திறந்த மஸ்காரா மூன்று மாதம், அதற்கு மேல் கிருமிக் கூடு. டப்பாவின் பின்னால் மூடி திறந்த ஜாடிப் படம் ஒன்று இருக்கும், அதில் 6, 12 என்று எண் போட்டிருக்கும். திறந்ததிலிருந்து அத்தனை மாதம் என்று அர்த்தம். உங்களுடைய மஸ்காரா பிரஷ்ஷை நன்றாகக் கழுவி வைத்துக்கொண்டால் புருவம் சீவ உதவும்.

கோட்டாறு: பார்லரில் ஒரே லிப்ஸ்டிக்கை எல்லோருக்கும் போடுகிறார்கள். சொன்னால் முகம் சுளிக்கிறார்கள்.

சுளிக்கட்டும். லிப்ஸ்டிக்கைச் சின்னத் தகட்டில் சுரண்டி, பிரஷ்ஷால் எடுத்துத்தான் போடவேண்டும். நானும் ஆரம்பத்தில் நேரடியாகப் போட்டவள்தான், ஒரு பெண் கேட்டபிறகு திருந்தினேன். இல்லையென்றால் உங்கள் லிப்ஸ்டிக்கை நீங்களே கொண்டுபோங்கள்.

பூதப்பாண்டி, 63 வயது: மக்ளே, பேத்தி கல்யாணத்துக்கு நான் லிப்ஸ்டிக் போட்டால் ஊர் சிரிக்குமா?

போடுங்கம்மா. ரத்தச் சிவப்பு வேண்டாம், வெற்றிலை போட்டுக் கொஞ்ச நேரம் ஆன உதடு இருக்குமே, அந்த நிறம் கேளுங்கள். உதடு வெடித்திருந்தால் முந்தின ராத்திரி கொஞ்சம் நெய் தடவிவிட்டுப் படுங்கள். விரல் நுனியில் எடுத்து உதட்டு நடுவில் தட்டி, ஓரத்துக்குப் பரப்புங்கள். பிறகு ஆள்காட்டி விரலை வாயில் வைத்து, உதட்டைக் குவித்து, வெளியே இழுங்கள். பல்லில் ஒட்டவேண்டியது விரலில் வந்துவிடும். முகத்துக்குப் பவுடர் மட்டும் அப்பாதீர்கள், சுருக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.