வாங்கும் முன், வாங்கிய பின்: மூலை விட்ட கட்டில்

கே: இரும்புக் கட்டில் வாங்கி நான்கு மாதம். கால் மூலையில் பற்றவைப்பு விட்டு, அம்மா விழப் பார்த்தார். அதிக பாரம் ஏற்றிவிட்டதாகக் கடையில் சொல்கிறார்கள். – ஈசூன்

ப: அம்மாவுக்கு அடி படவில்லையே, அதுவே போதும். கடைக்காரர் சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சிங்கப்பூரின் லெமன் சட்டம் 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருள் கைக்கு வந்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். அப்படி இல்லை என்று கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். பழுதுபார்த்தோ மாற்றியோ தரும்படி எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கம், அப்புறம் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம். அதுவரை உடைந்த மூலையைத் தொடாதீர்கள், படம் எடுத்து வையுங்கள்.

கே: எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) குழாயில் காந்தம் ஒட்டவில்லை. 304 ரகம்தானே? – பிடோக்

ப: சொல்ல முடியாது. நிக்கல் குறைந்த 201 ரகத்திலும் ஒட்டாது. ரசீதில் 304 என்று எழுதி வாங்குங்கள்.

கே: செடி வைக்கும் தாங்கி. பற்றவைத்த இடமே தெரியாமல் வழவழவென்று இருக்கிறது. நல்ல வேலைதானே? – தெம்பனிஸ்

ப: அந்த வழவழப்பை நம்பித்தான் நானும் ஒன்று வாங்கினேன். ஒரு மழைக்காலம் போனதும் மூலையில் சாயம் உப்பியது. நகத்தால் சுரண்டினால், சந்தை மறைக்கப் பூசிய பட்டி உதிர்ந்தது. உள்ளே உளுந்து அளவில் மூன்றே பொட்டுகள், மற்றதெல்லாம் இடைவெளி. குழாய்களைப் பொருத்திப் பிடிக்க முதலில் பொட்டு வைப்பார்கள். அதன்பிறகு சுற்றிலும் பற்றவைக்க வேண்டும். அந்த இரண்டாம் வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள்!

உருண்டைக் குழாயைச் செங்கோணத்தில் சேர்க்க, முனையை மீன்வாய் போல வளைத்து வெட்ட வேண்டும். அப்போதுதான் மற்றக் குழாயின் முதுகில் அது அணைந்து உட்காரும். நேராக வெட்டினால் இருபுறமும் சந்து விழும். மெல்லிய குழாயில் அந்தச் சந்தை அடைக்கப் போனால் ஓட்டை விழும், அதற்குமேல் பட்டி பூசுவார்கள். நன்றாகப் பற்றவைத்ததையும் மட்டமாகத் தேய்த்தால், பாரம் தாங்கும் உலோகமே குறைந்துபோகும். மூலையில் சீரான மேடு தெரியட்டும். சாயம் அடிக்கும் முன் போய்ப் பாருங்கள்.

கே: கேட்டுக்கு முழுப் பணமும் முதலிலேயே பேநவ் வழியாக வங்கியிலிருந்து அனுப்பினேன், ரசீது வாங்கவில்லை. இப்போது கோணலாகத் தெரிகிறது. – உட்லண்ட்ஸ்

ப: முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? சரி, எதிர்மூலைக்கு எதிர்மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். அளவு வேறுபட்டால் கேட்டின் சட்டகம் கோணல். அளவுநாடாவோடு படம் எடுத்து, பேநவ் பதிவையும் வாட்ஸ்அப் பேச்சையும் சேர்த்து வையுங்கள். ரசீது இல்லாத குறையை அவைதான் ஈடுகட்டும்.