தலைக்கு மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தில் அவ்வப்போது நீங்கள் போடும் புகைப்படங்களையும் குறிப்புகளையும் தொடர்ந்து பார்த்து வருகிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1986-இல் ஒரு யாஷிகா கேமரா வாங்கியதிலிருந்து படம் எடுக்கிறேன். பெரிதாகச் சாதிக்கவில்லை என்றாலும் விதிகள் தெரியும்.

என் அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கைபேசியில் படம் எடுக்கும் பைத்தியம். சென்ற மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், மொட்டைமாடியில் வேட்டி விரித்து வத்தல் பிழிகிற படம் ஒன்று போட்டான். எல்லோரும் ‘செம’, ‘சூப்பர்’ என்று கைதட்டினார்கள். நான் மட்டும் உள்ளதைச் சொன்னேன்: ‘கைப்பிடிச்சுவர் சாய்ந்திருக்கிறது. வேட்டியும் வானமும் ஓவர் எக்ஸ்போஸ், வெளிச்சம் கூடி வெளுத்துவிட்டன. ஷார்ப்பாக இல்லை. தலைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி. ஆளை நடுவில் வைக்கக் கூடாது, ரூல் ஆஃப் தேர்ட்ஸ் படி.’ ‘சரி மாமா’ என்று பதில் போட்டான். அதற்கப்புறம் ஒரு படம்கூட வரவில்லை. அக்கா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நான் சொன்னதில் என்ன தவறு? பொய்யாகப் புகழ்ந்தால் எப்படிக் கற்றுக்கொள்வான்? படத்தை இணைத்திருக்கிறேன். படத்தில் இருப்பது என் அம்மா.

எஸ்., காரைக்குடி

அன்புள்ள எஸ்,

சுவர் சாய்ந்திருப்பது உண்மை. மற்ற நான்கையும் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு கேள்வி. படம் எப்படி இருக்கிறது என்று அவன் உங்களிடம் கேட்டானா?

குடும்பக் குழுவில் படம் போடுகிறவன் பெரும்பாலும் தீர்ப்பு கேட்டுப் போடுவதில்லை. அம்மாச்சி மொட்டைமாடியில் வத்தல் பிழிகிறார், பாருங்கள் என்கிறான். சித்தி, சித்தப்பா, பெரியம்மா எல்லோரும் இருக்கிற சபையில் நீங்கள் வரிசையாக ஐந்து குறை எண்ணியிருக்கிறீர்கள். அதே ஐந்தைத் தனியாகப் போனில் சொல்லியிருந்தால் பாதி வருத்தம் இருந்திருக்காது. பையன் நிறுத்தியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பொய்யாகப் புகழ வேண்டாம் என்பதில் உங்கள் கட்சிதான் நான். ‘செம’வை வைத்துக்கொண்டு யாரும் அடுத்த படத்தை எடுக்க முடியாது. முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி ஒரு பாராட்டு என்று அலுவலகப் பயிற்சிகளில் சொல்லிக் கொடுப்பார்களே, அதுவும் வேண்டாம். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற வேலை அது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பழத்தைப் பார்த்ததுமே ஊசி எங்கே என்று தெரிந்துவிடும்.

நான் செய்வது இவ்வளவுதான். படத்தைப் பார்த்தபோது என் கண் எங்கே போனது, எந்த வரிசையில் போனது, எங்கே நின்றது என்பதை முதலில் சொல்வேன். இது நல்லது கெட்டது என்கிற தீர்ப்பில்லை, நடந்ததைச் சொல்வது. எடுத்தவனுக்கு இது ஒன்றுதான் வெளியிலிருந்து கிடைக்க வேண்டியிருக்கிறது. அவன் அங்கே நின்றவன், வெயிலின் சூடும் கூழின் வாசனையும் அவனுக்குத் தெரியும். அவை இல்லாமல் படம் மட்டும் ஒருவருக்கு எப்படித் தெரிகிறது என்பதை அவனால் பார்க்கவே முடியாது.

சரி, உங்கள் அம்மாவின் படத்துக்கு வருகிறேன். என் கண் முதலில் போனது தொட்டியின் மூடிக்கு. கறுப்பு மூடி, அவர் தலைக்கு நேர் மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து வெள்ளை வானத்துக்குத் தாவி, அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி, அப்புறம்தான் கைகளுக்கு வந்தது. வந்தபின் நகரவில்லை. இரண்டு கைகளும் முறுக்கு அச்சை அழுத்துகின்றன. கட்டைவிரல் நகங்கள் வெளுக்கிற அளவுக்கு அழுத்தம். அச்சிலிருந்து இறங்கிய கூழ் இழை இன்னும் வேட்டியைத் தொடவில்லை, விரற்கடை உயரத்தில் காற்றில் நிற்கிறது. இந்தக் கணத்துக்காகத்தான் அவன் காத்திருந்திருக்கிறான் என்று நினைக்கிறேன். தற்செயலாகவும் கிடைத்திருக்கலாம். அதை அவனிடம்தான் கேட்க வேண்டும், கேட்டால் மகிழ்ந்துபோவான்.

அப்புறம் அந்த ஓவர் எக்ஸ்போஸ். வெயில் அம்மாவின் முதுகுப் பக்கமிருந்து வருகிறது. நியாயமாக முகம் கரிக்கட்டையாக இருக்க வேண்டும். ஆனால் சுருக்கங்கள், மூக்குத்தி, உதட்டைக் கடித்திருப்பது எல்லாம் மெதுவாகத் தெரிகின்றன. எப்படி? வேட்டிதான். முன்னால் விரித்த வெள்ளை வேட்டியில் பட்ட வெயில் திரும்பி மேலே எழும்பி, அவர் முகத்தைக் கீழிருந்து நிரப்புகிறது. கல்யாண வீடுகளில் உதவிக்கு வந்த பையன் தெர்மாகோல் அட்டையைப் பெண்ணின் முகத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு நிற்பானே, அதே வேலை. பையன் திரையில் முகத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்திருப்பான், ஃபோனும் முகத்துக்கு வேண்டிய வெளிச்சத்தை எடுத்துக்கொண்டது. வேட்டியின் நெசவும் வானமும் அதில் போயின. வேட்டியைக் காப்பாற்றியிருந்தால் அம்மாவின் முகம் போயிருக்கும். எதை விடுவது என்பதில் அவன் சரியாகத்தான் விட்டிருக்கிறான்.

வெளுத்த வானம் புது வியாதியும் இல்லை. மதராஸ் அரசாங்கத்துக்காக 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப் என்கிற கேப்டனுக்கும் இதே தொல்லைதான். அன்றைய ரசாயனம் நீல ஒளிக்கு மிதமிஞ்சி மசிந்துபோகும், வானம் வெறும் வெள்ளையாக வரும். மனிதர் பொறுமையாக உட்கார்ந்து நெகட்டிவின் மேல் கையாலேயே மேகம் வரைந்தார்.

தொட்டியைப் பற்றி நான் இரண்டு மனதாக இருக்கிறேன். மூடி உறுத்துகிறது, அதில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் முதுகு வெயிலில் அம்மாவின் நரைமுடி ஓரத்தில் ஒரு வெள்ளிக்கோடு ஓடுகிறது, பார்த்தீர்களா? பின்னால் தொட்டியின் கறுப்பு இருப்பதால்தான் அது தெரிகிறது. வானம் இருந்திருந்தால் முடி அதில் கரைந்திருக்கும். ஆகவே தொட்டியை முழுக்க விலக்கச் சொல்ல மாட்டேன். ஓரடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் மூடி தலையைவிட்டு விலகியிருக்கும், கறுப்பு அங்கேயே இருந்திருக்கும். நான் அவனிடம் சொல்லக்கூடிய திருத்தம் இது ஒன்றுதான். அடுத்த முறை மாடிக்குப் போகும்போது அவனால் செய்ய முடிகிற திருத்தமும் இதுதான். ஐந்து சொன்னால் ஐந்தும் போய்விடும்.

ஷார்ப்னெஸ் பற்றி நீங்களும் பேச முடியாது, நானும் பேச முடியாது. வழக்கம்போல் அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், ஷட்டர் வேகம் முதலிய விவரங்களையும் உரித்துவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், மூலப்படம் அப்படியே வரும். அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.

படத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, ஆளை நடுவில் வைக்காமல் கோட்டில் வை என்கிற ரூல் ஆஃப் தேர்ட்ஸ் பற்றிப் பேச எனக்கு அலுப்பாக இருக்கிறது. அம்மா நடுவில் இருக்கிறார், இரண்டு பக்கமும் வத்தல் வரிசை ஓடுகிறது. வேறு எங்கே உட்கார வைப்பது?

என் கதை ஒன்று. ஊரில் பள்ளி முடித்த வயதில் நான் எடுத்த படங்களை பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஸ்டுடியோவுக்கு எடுத்துக்கொண்டு போவேன். ஸ்டுடியோக்காரர் வாயைத் திறக்க மாட்டார். மேசை டிராயரில் கறுப்பு அட்டையில் வெட்டிய இரண்டு துண்டுகள் வைத்திருப்பார், ‘ட’ எழுத்து மாதிரி. அவற்றை எதிரெதிராகப் பிரிண்டின் மேல் வைத்தால் நடுவில் ஒரு ஜன்னல் உண்டாகும். அதை இப்படியும் அப்படியும் நகர்த்தி, பெரிதாக்கி, சிறிதாக்கி, கடைசியில் அட்டைகளை என் கையில் கொடுத்து, “உனக்கு எது வேணுமோ அதை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை மூடு” என்பார். கோயில் தேர் படம் ஒன்றில் நான் மூடிக்கொண்டே போய், தேர் முழுக்க மறைந்து, வடம் பிடிக்கிற ஒரு மனிதரின் குதிகால் மட்டும் மிச்சமிருந்தது. அதைத்தான் எடுக்க நினைத்திருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவர் பார்த்துவிட்டு, “அப்ப அடுத்த வருஷம் உட்கார்ந்து எடு” என்றார். அவ்வளவுதான்.

பல வருடம் கழித்து ஒரு போட்டிக்குப் படம் அனுப்பினேன். திரையில் மூன்று விநாடி இருந்தது, நடுவர் ‘அவுட்’ என்றார், அடுத்த படம் வந்துவிட்டது. நூற்றுக்கணக்கில் பார்க்க வேண்டிய இடம், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் எதற்கு அவுட் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். அன்று அந்த மாடியில் முன்னும் பின்னும் எடுத்ததையெல்லாம் காட்டச் சொல்லுங்கள். டோரதியா லாங் என்கிற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1936-இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோ என்ற இடத்தில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் எடுத்த தாயின் படம் உலகத்துக்கே தெரியும். அதே இடத்தில் எடுத்த மற்ற படங்களும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. தூரத்திலிருந்து கூடாரம் முழுக்கத் தெரிகிற படம், கொஞ்சம் கிட்டே வந்து ஒன்று, இன்னும் கிட்டே வந்து ஒன்று. நெருங்கி நெருங்கித்தான் அந்தக் கடைசிப் படத்துக்கு வந்திருக்கிறார். அதிலும் ஒரு குறை உண்டு. கீழே வலது மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் மங்கலாக நீட்டிக்கொண்டிருக்கும். லாங்குக்கு அது உறுத்திக்கொண்டே இருந்து, சில வருடம் கழித்து நெகட்டிவில் அதை அழிக்கச் செய்தார். அவருடைய மேலதிகாரி ராய் ஸ்ட்ரைக்கருக்கு அப்படி அழித்தது பிடிக்கவில்லை. இருவரில் யார் சரி என்பது தனிக்கதை.

உங்கள் பையனிடமும் அந்த மாடியில் முப்பது படமாவது இருக்கும். அவன் எங்கே ஆரம்பித்தான், எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தான், ஏன் இதைத் தேர்ந்தெடுத்தான் என்று பார்த்தால், சுவர் ஏன் சாய்ந்தது என்பதுகூட ஒருவேளை விளங்கும். இதைவிட நல்ல படம் ஒன்று அதிலேயே கிடந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். எடுப்பதைவிடத் தேர்ந்தெடுப்பது கஷ்டம். ஃபிலிம் ரோலில் முப்பத்தாறே இருந்த காலத்தில் படம் எடுத்தவர் நீங்கள், அந்த விஷயத்தில் அவனுக்கு உண்மையிலேயே நீங்கள் கைகொடுக்கலாம்.

குழுவில் மன்னிப்பெல்லாம் எழுத வேண்டாம், அது இன்னொரு கூத்தாகிவிடும். போன் செய்யுங்கள். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு பிழிவதை நீங்கள் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள், அதில் ஆரம்பியுங்கள்.

மூலப்படம் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். வலது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை கூழ்க் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் பட்டியலில் அது இல்லை. உங்கள் அக்காவின் கையா அது?