நெதர்லாந்து கடலில் மண்ணைக் கொட்டியா பெரிதானது?

"கடலைத் தூர்த்தே நாட்டை உண்டாக்கினார்களாமே, மற்றவர்களும் செய்யலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். தூர்க்கவில்லை, கரை கட்டி உள்ளிருந்த நீரை இறைத்தார்கள். (ராட்டர்டாம் துறைமுகத்தின் மாஸ்விளாக்டே மணல் கொட்டியதுதான், அதைக் காட்டிச் சண்டைக்கு வராதீர்கள். கடலிடமிருந்து மீட்டதில் பெரும்பகுதி இறைத்து எடுத்த நிலம்.)

1916 வெள்ளத்துக்குப் பிறகு, 1918இல், நாட்டுக்குள் புகுந்திருந்த சௌடர்ஸே என்ற கடல் வளைகுடாவை அடைக்கச் சட்டம் வந்தது. திட்டம் பொறியாளர் கொர்னேலிஸ் லேலியுடையது. 32 கிலோமீட்டர் அணை 1932இல் மூடப்பட்டது. வெறும் மணலில் கட்டினால் கரைந்துவிடும். இடைவெளி குறுகக் குறுக நீரோட்டம் வேகமெடுத்து அடித்தரையை அரிக்கும். அதனால் வில்லோ மர மிலாறுகளைப் பாய்போலப் பின்னி, மேலே கல்லேற்றித் தரையில் அமிழ்த்தினார்கள். கரைக்கு, அந்தக் கடலடியிலேயே தோண்டிய, கல் கலந்த கெட்டிக் களிமண். உள்ளே விழுந்த ஐசெல் ஆறு சில ஆண்டுகளில் உப்பை விரட்டி, அடைபட்ட வளைகுடாவை நன்னீர் ஏரியாக்கியது.

ஏரிக்குள் வட்டமாகக் கரை போட்டு இறைத்தால் அதுதான் போல்டர். நீர் வடிந்ததும் கிடைப்பது வயல் அல்ல, ஆள் நடக்க முடியாத சேறு. 1957இல் வடிந்த கிழக்கு ஃப்ளேவோலாண்ட் என்ற போல்டரில் விமானத்திலிருந்து நாணல் விதை தூவினார்கள். நாணல் ஈரத்தை உறிஞ்சும், வேர் மண்ணை வெடிக்க வைத்துக் காற்றை உள்ளே விடும், களையையும் அமுக்கும். பிறகு நாணலை அழித்து, வடிகால் வெட்டி, எண்ணெய்க் கடுகு விதைத்தார்கள். முதல் சில ஆண்டுகள் அரசே பயிர் செய்து மண்ணைப் பக்குவப்படுத்தியது. பிறகுதான் குத்தகைக்கு விட்டது. காயக் காய நிலம் அமுங்கும். கடல்மட்டத்துக்குக் கீழே கிடப்பதால் பம்பு என்றைக்கும் ஓடியாக வேண்டும்.

பெரிய சறுக்கல் 1942இல் வடிந்த வடகிழக்குப் போல்டரில். அதைப் பழைய கரையோடு ஒட்டியே அமைத்தார்கள். மேட்டு நிலத்தின் நிலத்தடி நீர் பள்ளத்துக்கு இழுபட்டு, அங்கிருந்த பழைய வயல்கள் வறண்டன. அதனால்தான் ஃப்ளேவோலாண்டுக்கும் பழைய கரைக்கும் நடுவே ஒரு ஏரிச்சங்கிலியை விட்டுவைத்தார்கள். வரைபடத்தில் பார்த்தால் அழகுக்கு விட்டதுபோல் இருக்கும்.

அரசியலும் தண்ணீரோடுதான் போயிற்று. 1574இல் ஸ்பானியர் முற்றுகையிட்ட லைடன் நகரை மீட்க, படகில் போய்ச் சேர வழியாகக் கரைகளை டச்சுக்காரர்கள் தாங்களே உடைத்து வயலை மூழ்கடித்தார்கள். 1945 ஏப்ரலில் ஜெர்மானியர் வீரிங்கர்மேர் போல்டரின் கரையைத் தகர்த்தார்கள். அதே ஆண்டுக்குள் மறுபடி இறைத்து முடித்தாயிற்று. கரையும் வடிகாலும் பார்க்கும் நீர் வாரியங்கள் நாட்டைவிடப் பழையவை, 13ஆம் நூற்றாண்டிலிருந்து இருப்பவை. இன்றும் அவற்றுக்குத் தனி வரி, தனித் தேர்தல். கடலடியாக இருந்த ஃப்ளேவோலாண்ட் 1986 ஜனவரி 1 அன்று 12ஆவது மாகாணமானது; அதன் தலைநகர் லேலிஸ்டாட், அந்த லேலியின் பெயர்.

இதில் எனக்கொரு ஆற்றாமை: படித்தவர்களே நாடு முழுவதையும் "ஹாலந்து" என்கிறார்கள். அது வடக்கு, தெற்கு என இரண்டு மாகாணங்களின் பெயர். அரசே 2020இல் தன் விளம்பரங்களிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டது, நம் பொது அறிவுப் புத்தகங்கள்தான் விடவில்லை.

மற்றவர்களும் செய்யலாமா? ஆழம் குறைவு, அடியில் களிமண், நிற்காத பம்புக்குக் காசு, மூன்றும் இருந்தால் யோசிக்கலாம். அவர்களே மார்க்கர்வார்ட் என்ற கடைசிப் போல்டரைக் கைவிட்டுவிட்டார்கள். அந்தப் போல்டருக்காக எங்கௌசனிலிருந்து லேலிஸ்டாட்வரை 1975இல் கட்டி முடித்த கரைமேல் இன்று சாலை ஓடுகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர்.