பட்டப்பேரு பிடிக்காதவங்க

கேள்வி: எம்பையன் கொஞ்சம் குண்டு, கிளாஸ்ல எல்லாரும் 'மல்கோவா'ன்னு கூப்பிடுறாங்களாம், தெனமும் அழுதுட்டு வர்றான். கதையில யாராச்சும் இப்படி பட்டப்பேர வெறுத்திருக்காங்களா? அவனுக்குச் சொல்லணும்.
- ஒரு அம்மா, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: நெறைய பேர் இருக்காங்கம்மா. மொதல்ல ஞாபகம் வர்றது 1977ல வந்த '16 வயதினிலே' படம் தான். கதாநாயகன ஊரே சப்பாணின்னு கூப்பிடுது, கோபாலகிருஷ்ணன்னு அவனுக்கு ஒரு பேரு இருக்குறத யாருமே கண்டுக்கல, கதாநாயகி மயிலுதான் இனிமே சப்பாணின்னு கூப்பிட்டா அறைஞ்சிடுன்னு சொல்லிக் குடுக்குறா, அவனும் ஊர் ரவுடி பரட்டைய அறைஞ்சிடுறான். எனக்கு அந்த அறை பெருசில்ல, உனக்குன்னு ஒரு பேரு இருக்குடான்னு ஒருத்தி நெனச்சா பாருங்க, அதுதான் இப்பவும் கண்ண கலங்க வெக்கும்.

1908ல வந்த கனடா நாவல் 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்'லயும் இதே கததான். அதுல வர்ற ஆன்ங்கிற பொண்ணுக்கு செம்பட்ட முடி, கில்பர்ட்ங்கிற பையன் சடையப் பிடிச்சு இழுத்து 'கேரட்'டுன்னு கூப்பிட, சிலேட்ட எடுத்து அவன் தலையிலயே ஒடைக்கிறா. அவன் மன்னிப்பு கேட்டும் பல வருஷம் பேசவே இல்ல! வெளையாட்டா சொன்னவனுக்கு அது ஒரு நிமிஷம், கேட்டவளுக்கு அவ்ளோ வருஷம்.

அடிக்கச் சொல்லிக் குடுக்காதீங்க. 'எம்பேரு இது, அப்படியே கூப்பிடு'ன்னு சத்தமா சொல்லப் பழக்குங்க. வீட்டுல யாராச்சும் செல்லமா அந்தப் பேர சொன்னா மொதல்ல அத நிறுத்துங்க, ஏற்காட்டுல எங்க அக்கா பொண்ண நாங்களே 'கறுப்பி'ன்னு கூப்பிட்டு அவ மனசு நொந்தது ரொம்ப லேட்டா தான் தெரிஞ்சது. கிளாஸ் டீச்சர நாளைக்கே போய் பாருங்க, பையன் இல்லாதப்ப, தனியா.