ரோப் ஆக்சஸ் லெவல் 1: பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி: நான் தூத்துக்குடியைச் சேர்ந்தவன், வயது 27. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, தொழிற்சாலைக் குழாய்களையும் கொதிகலன்களையும் சோதனை செய்யும் நிறுவனம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாக என்.டி.டி. (பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் தொழில்) உதவியாளராக இருக்கிறேன். ஐந்து நாள் ரோப் ஆக்சஸ் (கயிற்றில் தொங்கி உயரத்தில் வேலை செய்யும் முறை) பயிற்சி முடித்து ஐராட்டா லெவல் 1 சான்றிதழ் வாங்கிவிட்டால் கத்தாரில் வேலை உறுதி என்று ஒரு முகவர் சொல்கிறார். கூடுதலாகப் பணம் கட்டினால் நேரடியாக லெவல் 2 சான்றிதழே வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். நம்பலாமா? கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று அம்மா அஞ்சுகிறார். முப்பந்தல் பக்கம் காற்றாலை வேலைக்கும் இதே சான்றிதழ் போதுமா?

பதில்: முதலில் லெவல் 2 பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பணம் உடனடியாகப் பறிபோகக்கூடிய இடம் அதுதான். ஐராட்டா முறையில் உங்களைப் போல் புதிதாக வருபவர் யாரும் நேரடியாக லெவல் 2 தேர்வுக்குப் போக முடியாது. லெவல் 1 சான்றிதழ் பெற்று குறைந்தது 12 மாதங்கள் ஆகியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் குறைந்தது 1,000 மணி நேர ரோப் ஆக்சஸ் வேலை உங்கள் லாக்புக்கில், அதாவது பணிப் பதிவேட்டில், பதிவாகியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால் போதாது, இரண்டும் வேண்டும். உணவு இடைவேளையும், அனுமதிச் சீட்டுக்காகக் காத்திருக்கும் நேரமும் கணக்கில் வராது என்பதால், எட்டு மணி நேரப் பணியில் ஐந்து மணி நேரம் பதிவானாலே நல்ல நாள்தான். அந்தக் கணக்குப்படி 1,000 மணி நேரத்திற்கு 200 வேலை நாட்கள் தேவை. இடையில் வேலையில்லாத மாதங்களும் வரும். ஆகவே பணம் வாங்கிக்கொண்டு லெவல் 2 தருகிறேன் என்பவர், போலிச் சான்றிதழ் தரப் போகிறார் அல்லது உங்கள் லாக்புக்கைப் பொய் மணி நேரங்களால் நிரப்பப் போகிறார். இரண்டாவது இன்னும் கொடியது. லெவல் 2 தொழிலாளி மற்றவர்கள் இறங்குவதற்கான கயிறுகளைக் கட்டுபவர், நடுவழியில் சிக்கிக்கொண்டவரை மீட்பவர். அந்தத் தகுதி இல்லாதவர் கட்டிய கயிற்றில் வேறு ஒருவருடைய பிள்ளை தொங்கப் போகிறான்.

ஐராட்டா என்பது 1980களின் பிற்பகுதியில் பிரிட்டனில் தோன்றிய, ரோப் ஆக்சஸ் நிறுவனங்களின் தொழில் கூட்டமைப்பு. வடகடல் எண்ணெய்த் தளங்களில் சாரம் கட்ட முடியாத இடங்களைச் சோதிக்கவும் வண்ணம் பூசவும், குகை ஆய்வாளர்கள் பயன்படுத்திய கயிற்று முறைகளைத் தொழிலுக்கு ஏற்ப மாற்றியவர்கள் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். இன்று வளைகுடா நாடுகளின் எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் பெரும்பாலும் இந்தச் சான்றிதழையே கேட்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஸ்ப்ராட் என்ற அமைப்பின் சான்றிதழ் செல்வாக்குடையது. அதிலும் மூன்று நிலைகள் உண்டு என்றாலும் ஒன்று மற்றொன்றாகத் தானாக மாறிவிடாது. கத்தார்தான் உங்கள் குறி என்றால் ஐராட்டாவையே தேர்ந்தெடுங்கள்.

ஐந்து நாள் என்று முகவர் சொன்னது சரிதான். குறைந்தது நான்கு நாள் பயிற்சி, அதற்குப் பின் ஒரு நாள் தேர்வு. தேர்வு எடுப்பவர் பயிற்சி கொடுத்த நிறுவனத்தின் ஊழியராக இருக்கக் கூடாது. வெளியிலிருந்து வரும் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளராக இருப்பார். பணம் கட்டிவிட்டால் தேர்ச்சி நிச்சயம் என்று எந்த நிறுவனமாவது சொன்னால் அந்த வார்த்தையே எச்சரிக்கை மணி. தேர்வில் தோற்பவர்கள் உண்டு. ஒரே ஒரு பெரிய தவறு, உதாரணமாக உயரத்தில் ஒரு கணம் ஒற்றை இணைப்பில் மட்டும் தொங்கிவிடுவது, மற்ற எல்லாவற்றையும் நன்றாகச் செய்திருந்தாலும் தோல்விக்குப் போதுமானது.

அந்த ஐந்து நாட்களில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அம்மாவின் அச்சத்துக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும். ரோப் ஆக்சஸில் ஒருவர் எப்போதும் இரண்டு கயிறுகளில் இருப்பார். ஒன்று வேலைக் கயிறு. உடல் எடை அதில் இருக்கும், டிசென்டர் என்னும் இறங்கு கருவி அதில் மாட்டியிருக்கும். மற்றொன்று பாதுகாப்புக் கயிறு. அதில் பேக்கப் கருவி ஒன்று கூடவே வரும், முதல் கயிற்றில் ஏதாவது நேர்ந்து உடல் வேகமாக விழத் தொடங்கினால் கடித்துப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கயிறுகளுக்கும் தனித்தனி நங்கூரப் புள்ளிகள் இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. சென்னை அடுக்குமாடிகளில் ஒற்றைக் கயிற்றில் பலகை கட்டி உட்கார்ந்து வண்ணம் பூசுகிறார்களே, அதையும் இதையும் ஒன்றாக நினைத்துத்தான் பெரும்பாலான வீடுகளில் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது; ஆனால் அந்த முறை ரோப் ஆக்சஸ் அல்ல.

பயிற்சியில் பலரும் திணறும் ஒரு பாடத்தைச் சொல்கிறேன். ஒரு ஜோடிக் கயிற்றிலிருந்து சற்றுத் தள்ளித் தொங்கும் மற்றொரு ஜோடிக் கயிற்றுக்கு, தரையைத் தொடாமல் மாற வேண்டும். முதலில் எட்டிப் பிடித்த புதிய பாதுகாப்புக் கயிற்றில் இரண்டாவது பேக்கப் கருவியை மாட்டி, அதைக் கையால் வேகமாக இழுத்துப் பார்த்துப் பிடிக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு கயிற்றில் ஏற உதவும் கருவிகளான மார்பு அசென்டரையும் கை அசென்டரையும் புதிய வேலைக் கயிற்றில் பொருத்த வேண்டும். இப்போது நான்கு கயிறுகளோடும் உங்களுக்குத் தொடர்பு இருக்கிறது. பழைய டிசென்டரில் மெல்ல மெல்லக் கயிறு விட்டுக்கொண்டே வந்தால், உடல் ஊசலாடாமல் புதிய ஜோடிக்குக் கீழே வந்து சேரும். எடை முழுவதும் இந்தப் பக்கம் வந்த பிறகுதான் பழையவற்றைக் கழற்ற வேண்டும். அவசரக்காரர்கள் கழற்றும் வரிசையில்தான் தவறுவார்கள். எதைக் கழற்றும் முன்னும் 'இதை எடுத்தால் என்னை எத்தனை இணைப்புகள் பிடித்திருக்கும்?' என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் நான்கு நாளில் உடம்பில் ஏறிவிட வேண்டும். இதோடு ஏறுவது, நடுவில் இறக்கத்துக்கு மாறுவது, கயிற்றில் இருக்கும் முடிச்சைக் கடப்பது, சுவர் விளிம்பைத் தாண்டுவது ஆகியவையும் உண்டு.

இனி, கயிறு அறுந்தால் என்ற கேள்வி. இந்த வேலைக்குரிய ஐரோப்பிய தர அளவான இஎன் 1891, ஏ வகைக் கயிறு குறைந்தது 22 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 2,200 கிலோ எடை அளவுக்கு இழுவிசையைத் தாங்க வேண்டும் என்று கேட்கிறது. கருவிகளோடு ஒரு மனிதர் 100 கிலோ என்று வைத்தாலும், எடையால் மட்டும் நல்ல கயிறு அறாது. அறுப்பவை வேறு: கான்கிரீட் கைப்பிடிச் சுவரின் விளிம்பில் தொடர்ந்து உராய்வது, தகட்டின் கூர்முனை, வெல்டிங் பொறி, சூடான குழாய், நைலானைத் தின்னும் அமிலம். இவற்றிலிருந்து கயிற்றை விலக்கி வைப்பதும், விலக்க முடியாத இடத்தில் உறை போடுவதும்தான் கயிறு கட்டுபவரின் உண்மையான திறமை. ஒவ்வொரு நாளும் இறங்கும் முன் உங்கள் கயிற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல்களுக்கிடையே ஓடவிட்டுப் பாருங்கள். மேலுறை பிய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும், உள்ளிழை நொய்ந்து மெத்தென்று போன இடம் விரலுக்குத்தான் தெரியும். கயிற்றின் கீழ்முனையில் தடுப்பு முடிச்சு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கயிறு தீர்ந்துபோனது தெரியாமல் முனையைத் தாண்டி இறங்காமல் காப்பது அந்த முடிச்சு.

மீட்பு பற்றி அம்மா கேட்கவில்லை, ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். மயங்கிய ஒருவர் ஹார்னஸில் (உடலில் கட்டும் பாதுகாப்புப் பட்டை) அசைவில்லாமல் தொங்கினால், கால்களில் இரத்தம் தேங்கிச் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். தீயணைப்புத் துறை வரும் வரை காத்திருக்கலாம் என்பது திட்டமே அல்ல. அதனால்தான் லெவல் 1 தேர்விலேயே, டிசென்டரில் தொங்கும் சக தொழிலாளியைத் தன்னோடு இணைத்துக் கீழே கொண்டுவரும் பாடம் இருக்கிறது. அதனால்தான் குழுவில் குறைந்தது இருவர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் லெவல் 3 மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்பது விதி. லெவல் 1 மட்டும் வைத்திருப்பவரைத் தனியாகக் கயிற்றில் இறங்கச் சொல்லும் தளத்தில், நம்மூராக இருந்தாலும் தோஹாவாக இருந்தாலும், வேலை செய்ய மறுத்துவிடுங்கள்.

வேலை உறுதி என்ற பேச்சுக்கு வருகிறேன். லெவல் 1 சான்றிதழ் நீங்கள் வேலை நடக்கும் இடத்துக்குப் பாதுகாப்பாகப் போய்ச் சேர்வீர்கள் என்பதற்கு மட்டுமே சாட்சி. அங்கே போய் என்ன செய்வீர்கள் என்பதற்குத்தான் சம்பளம். வெறும் லெவல் 1 வைத்திருக்கும் இளைஞர்கள் நிறையப் பேர். அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் உதவியாளர் வேலை அல்லது கண்ணாடி துடைக்கும் வேலை. கையில் வெல்டிங்கோ, துரு நீக்கும் பிளாஸ்டிங்கும் பெயின்டிங்குமோ, சோதனைத் தொழிலோ இருப்பவரைத்தான் ஒப்பந்ததாரர் தேடுகிறார். அந்த வகையில் உங்களிடம் மற்றவர்களிடம் இல்லாத மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அல்ட்ராசோனிக் முறையில் குழாயின் தடிமனை அளக்கவும், மேக்னடிக், பெனட்ரன்ட் முறைகளில் வெடிப்பைக் கண்டுபிடிக்கவும் என்.டி.டி. லெவல் 2 தகுதி பெற்றுவிட்டு, அதன்மேல் ஐராட்டா லெவல் 1 சேர்த்தால், சாரம் கட்டாமல் உயரத்தில் உள்ள குழாயைச் சோதிக்கக்கூடிய ஒருவராக நீங்கள் விண்ணப்பிக்கலாம். இங்கே ஒரு குழப்பம் வர வாய்ப்புண்டு: என்.டி.டி. லெவல் 2 வேறு, ஐராட்டா லெவல் 2 வேறு. முகவர் இரண்டையும் கலந்து பேசுகிறாரா என்பதையும் கவனியுங்கள். என் பரிந்துரை, முதலில் என்.டி.டி. தகுதியை முடியுங்கள், கயிற்றுப் பயிற்சியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வரிசையை மாற்றினால், வேலை கிடைக்கும் முன்பே, மூன்றாண்டு மட்டுமே செல்லும் ஐராட்டா சான்றிதழின் காலம் ஓடத் தொடங்கிவிடும்.

பயிற்சி நிறுவனத்தைச் சரிபார்ப்பது கடினமல்ல. ஐராட்டாவின் இணையதளத்தில் உறுப்பினர் நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. பயிற்சி அளிக்க அனுமதி பெற்ற உறுப்பினராக அந்த நிறுவனத்தின் பெயர் அதே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஐராட்டா தரத்தில் பயிற்சி' என்று விளம்பரம் செய்வது வேறு, உறுப்பினராக இருப்பது வேறு. உங்களுக்குப் பயிற்சி தரப்போகிறவரின் ஐராட்டா எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணின் முன்னால் அவருடைய நிலை எழுதியிருக்கும். அது செல்லுமா என்பதை இணையத்திலேயே சோதிக்கலாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற முகவராக இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று வரம்பு உண்டு. பயிற்சிக் கட்டணத்தையும் விசாக் கட்டணத்தையும் ஒரே தொகையாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். பயிற்சிப் பணத்தைப் பயிற்சி நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தி ரசீது வாங்குங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு மருத்துவரிடம் உடலைக் காட்டிவிடுங்கள். இதய நோய், உயர் இரத்த அழுத்தம், வலிப்பு, தலைச்சுற்றல், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, கை கால்களில் வலுக்குறைவு ஆகியவை இந்த வேலைக்குத் தடையாகலாம். பயிற்சி நிறுவனமும் இதுபற்றி எழுதிக் கையெழுத்துக் கேட்கும், மறைக்க வேண்டாம். தோள்பட்டையிலும் அடிவயிற்றிலும் வலு இல்லாதவர்கள் இரண்டாம் நாளே களைத்துவிடுகிறார்கள் என்பதால், ஒரு மாதம் முன்பிருந்தே உடற்பயிற்சி செய்துவிட்டுப் போவது நல்லது.

காற்றாலையைப் பொறுத்தவரை கதை கொஞ்சம் வேறு. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பகுதியில் கோபுரத்தின் உள்ளே ஏணி ஏறி இயந்திர அறையில் பராமரிப்புச் செய்வதற்குக் கயிற்றுச் சான்றிதழ் தேவையில்லை. பெரிய காற்றாலை உற்பத்தி நிறுவனங்கள் அதற்குக் கேட்பது குளோபல் விண்ட் ஆர்கனைசேஷனின் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி: முதலுதவி, பாரம் தூக்கும் முறை, தீத்தடுப்பு, உயரத்தில் வேலை ஆகியவை, கடலில் நிறுவிய காற்றாலை என்றால் கடலில் உயிர்காப்பதும் சேரும். அதன் காலம் இரண்டு ஆண்டுகள். பதிவுகள் வின்டா என்ற இணையத் தரவுத்தளத்தில் இருக்கும். ஆனால் இறக்கையின் வெளிப்புறத்தில் தொங்கி, வெடித்த ஃபைபர் பகுதியைத் தேய்த்துப் பூசும் வேலைக்கு ரோப் ஆக்சஸ் வேண்டும். அங்கே இரண்டு சான்றிதழ்களையும் கேட்பார்கள், அதோடு ஃபைபர் பழுதுபார்க்கும் பயிற்சியையும் கேட்பார்கள். உங்கள் சோதனைத் தொழிலுக்கு எண்ணெய்த் துறையே நெருக்கம் என்பதால், காற்றாலைக்காக இப்போதே தனியாகச் செலவு செய்ய வேண்டாம்.

சான்றிதழ் கைக்கு வந்த நாளிலிருந்து லாக்புக்கை நீங்களே எழுதுங்கள். தேதி, இடம், செய்த வேலை, கயிற்று முறை, மணி நேரம் ஆகியவற்றை எழுதி, அந்தத் தளத்தின் லெவல் 3 மேற்பார்வையாளரிடம் வேலை முடிந்து கிளம்பும் முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஷட்டவுன் (ஆலையை நிறுத்திச் செய்யும் பராமரிப்பு) முடிந்து ஆட்கள் நாலாபுறமும் பிரிந்த பிறகு அந்தக் கையெழுத்தைப் பெறுவது மிகக் கடினம். பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் கயிற்றில் இறங்காமல் இருந்தால் மறுபடி இறங்கும் முன் புத்தாக்கப் பயிற்சி எடுக்க வேண்டும். மூன்று ஆண்டு முடியும்போது பயிற்சியும் தேர்வும் புதிதாகவே நடக்கும். காலாவதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் அதை முடித்தால் புதிய சான்றிதழ் பழையது காலாவதியாகும் தேதியிலிருந்தே தொடரும் என்பதால், நாள் இழப்பு இல்லை. அந்த நேரத்தில் 1,000 மணி நேரம் சேர்ந்திருந்தால், லெவல் 1ஐப் புதுப்பிப்பதற்குப் பதிலாக லெவல் 2 தேர்வுக்கே போய்விடலாம்.