‘நல்லா இருக்கேன் டாக்டர்’ என்று சிரித்துச் சமாளிக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 44 வயது. கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். மூன்று வருடமாக முடக்குவாதம். வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிட்டு வந்தேன். “மனசு தைரியமா இருந்தா பாதி நோய் தானா போயிடும்” என்று எல்லாரும் சொன்னதால் ஒரு மாதம் மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன். விரல்கள் மறுபடி வீங்கிவிட்டன. என் நம்பிக்கை போதவில்லையா டாக்டர்?

பதில்: இல்லை அம்மா. வீக்கம் திரும்பியதற்கும் உங்கள் மனதுக்கும் சம்பந்தமில்லை. முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. அதை அடக்கி வைத்திருந்தது மாத்திரை. நிறுத்தினீர்கள், நோய் தலைதூக்கிவிட்டது. இதற்காக உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஆனால் பழைய அளவை நீங்களாகவே மறுபடி தொடங்க வேண்டாம். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் பார்த்துவிட்டு அவர் சொல்லும் அளவில் ஆரம்பியுங்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை “ஒண்ணும் கேக்கலையே” என்று கைவிடாமல் இருப்பதற்குத்தான் மனஉறுதி வேண்டும். மாத்திரை நாளைத் தினசரி காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். மறந்துபோய் தினமும் சாப்பிட்டால் வாய்ப்புண் வரும், வெள்ளை அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்தாகலாம். மறுநாள் குமட்டலுக்குப் பயந்தே பலர் நிறுத்திவிடுகிறார்கள். இரவு சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொண்டு, ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரையை டாக்டர் சொன்ன நாட்களில் தவறாமல் எடுத்தால் பெரும்பாலும் குறையும். அப்படியும் தாங்கவில்லை என்றால் இதே மருந்து ஊசியாகவும் இருக்கிறது, கேளுங்கள்.

தைரியமாக இருப்பது என்றால் வலியை மறைப்பது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அதில் வரும் கெடுதலைச் சொல்கிறேன். நோயின் வேகத்தை அளக்க டாக்டர் 28 மூட்டுகளைத் தன் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் பார்ப்பார். எத்தனை வலிக்கிறது, எத்தனை வீங்கியிருக்கிறது என்று எண்ணி, ரத்தப் பரிசோதனை முடிவையும் சேர்த்துக்கொள்வார். இவற்றோடு, ‘நோய் உங்களை எவ்வளவு பாதிக்கிறது’ என்று 0 முதல் 100 வரை நீங்கள் சொல்லும் எண்ணும் கணக்கில் சேரும். எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு வரும் எண் 2.6க்குக் கீழே வந்தால் நோய் அடங்கியிருக்கிறது, 5.1க்கு மேல் போனால் கடுமை. அந்த இடத்தில் “நல்லா இருக்கேன் டாக்டர்” என்று நீங்கள் சிரித்தால் எண் இறங்கும், மருந்து கூட்டப்படாது, உள்ளே எலும்பு அரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். காலையில் விரல் மடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று அதே காலண்டர் தாளில் குறித்து, கிழிக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அடுத்தது தண்ணீர் லாரி வரும் நாள். அன்று வலி குறைவாக இருந்தால் பத்துக் குடமும் பிடித்து, போர்வைகளையும் துவைத்து முடிப்பீர்கள். பிறகு இரண்டு நாள் எழ முடியாது. “நான் எதுக்கும் உதவாம போயிட்டேன்” என்ற நினைப்பு வருவது அந்த இரண்டு நாளில்தான். வேலையைப் பிரித்துக்கொண்டால் இது பெருமளவு குறையும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, வலி வருவதற்கு முன்பே உட்காருங்கள். 15 லிட்டர் குடம் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. கழுத்தை விரலால் பிடித்துத் தூக்கினால் பாரம் முழுதும் விரல் மூட்டில் இறங்கி, விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாயும். பாதிக் குடம் பிடித்து, இரண்டு முன்கையாலும் மார்போடு அணைத்துத் தூக்குங்கள். துணியைக் கையால் முறுக்காமல் குழாயில் சுற்றிப் பிழியலாம். ‘தைரியமா இரு’ என்று சொல்லும் வீட்டார் அன்றைக்கு மிச்சக் குடங்களைத் தூக்கட்டும். அது உங்களுக்கு அந்த வார்த்தையைவிட ஆயிரம் மடங்கு ஆறுதல்.

நம்பிக்கையை வளர்க்க நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரே வழி: வாரத்துக்கு ஒரு சின்ன காரியம். ‘மூன்று நாள், மாலையில் பத்து நிமிடம் நடப்பேன்’ என்பது போல. செய்துவிடுவேன் என்ற உறுதிக்கு 10க்கு எத்தனை மார்க் போடுவீர்கள்? 7க்குக் கீழே என்றால் காரியம் பெரிது. ஐந்து நிமிடமாகக் குறையுங்கள். முடித்த காரியம் ஒவ்வொன்றும் அடுத்த வாரத்துக்குத் துணிச்சல் தரும்.

கடைசியாக, கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்கள் எதிலும் பிடிப்பு இல்லாமலோ, மனம் கனத்தோ இருந்ததா? இருந்தால் இது தைரியக் குறைவு இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். முடக்குவாதம் உள்ளவர்களிடம் அது சகஜம்; தூக்கத்தைக் கெடுக்கும், வலியைக் கூட்டும். வைத்தியம் இருக்கிறது. பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு. மூட்டு மாத்திரைகளின் சீட்டைக் கையோடு எடுத்துப்போங்கள். மெடிக்கலில் நீங்களாக வாங்கும் வலி மாத்திரை இருந்தால் அதையும் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் நாள் பார்க்க வேண்டாம், உடனே அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்யுங்கள். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.