கல்லறைச் சிற்றாலயத்துக்கு சிமெண்ட் பூசலாமா?

கேள்வி: வடசென்னைக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் எங்கள் முன்னோர் கட்டிய சிற்றாலயம் இருக்கிறது. சுவரில் உப்பு பூத்துப் பூச்சு உதிர்கிறது, மாடியில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. கல்லறைத் திருநாளுக்குள் சிமெண்ட் பூசி பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா? கட்டிய ஆண்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சிமெண்ட் வேண்டாம். உங்கள் சுவர் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகத்தான் இருக்கும். தரையிலிருந்து ஏறும் ஈரம் அந்தக் காரை வழியாகவே வெளியேறும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து செங்கல்லையே பொடியாக்கும். எமல்ஷன் பெயிண்டும் அதே தொல்லைதான். கொஞ்ச நாள் பளிச்சென்று இருந்துவிட்டு அப்புறம் பாளம் பாளமாகக் கழன்று விழும்.

முதலில் வெளியே சுற்றிப் பாருங்கள். பழைய கல்லறைத் தோட்டங்களில் மண்ணும் பாதையும் உயர்ந்து கட்டடத்தின் அடி புதைந்துபோயிருக்கும். அதைத் தாழ்த்தி, மழைநீர் சுவரை விட்டு விலகி ஓட வழி செய்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள், செங்கல்லும் சேர்ந்து வரும். அடியோடு அறுத்து, வெட்டுவாயில் வேரைக் கொல்லும் மருந்து வைத்து, வேர் செத்த பிறகு அந்த இடத்தைப் பிரித்துக் கட்டுங்கள். மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிக் காரையிட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால், தேக்கு உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையைக் குத்திப் பாருங்கள். மட்கல் அங்கேதான் தொடங்கும்.

நீர்த்த சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுக் குழைப்பது பழைய முறை. அன்றைய சென்னையில் கிளிஞ்சல் சுண்ணாம்பு. மேல்பூச்சு சலவைக்கல்லாக மின்னும். செட்டிநாட்டுப் பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். எக்காரணம் கொண்டும் உப்புத் தண்ணீரில் குழைக்க விடாதீர்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் சுண்ணாம்பு இறுகும். அவசரமே உதவாது, மெல்லிய பூச்சுகளாக, ஈரச் சாக்கு போர்த்தி, மாதக்கணக்கில் விட வேண்டும். கல்லறைத் திருநாளான நவம்பர் 2 பருவமழைக்கு நடுவில் வருகிறது. அதனால் இந்தத் திருநாளுக்கு உப்பை உலர் பிரஷால் தட்டிவிட்டு சுண்ணாம்பு வெள்ளை அடியுங்கள், போதும். பூச்சு வேலையைப் பிப்ரவரியில் தொடங்கலாம். அதற்குள் கல்லறைத் தோட்ட நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியையும் வாங்கிவிடுங்கள்.

ஆண்டு விஷயத்தில் கல்வெட்டை மட்டும் நம்பாதீர்கள், கல் இடம் மாறும். சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் புனித மரியாள் ஆலய முற்றத்தில் பதித்திருக்கும் பழைய கல்லறைக் கற்கள் வேறு இடத்திலிருந்து வந்தவை. 1758-59 பிரெஞ்சு முற்றுகையில் எதிரிப் படைக்கு மறைவிடமானதால், ஆங்கிலேயர் தங்கள் பழைய கல்லறைத் தோட்டத்தையே அழித்துவிட்டு, கற்களை அங்கே கொண்டுவந்தார்கள். உங்கள் கல்லில் எழுத்து தேய்ந்திருந்தால் ஆசிட் ஊற்றாதீர்கள், சலவைக்கல்லை அது அரித்துவிடும். இருட்டியபின் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து தெரியும். அந்தப் பெயரையும் தேதியையும் உங்கள் பங்கு ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். 1905-இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்த சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுப் பட்டியலையும் புரட்டுங்கள். ஐரோப்பியர் பெயர்களே அதில் அதிகம், ஆனாலும் பார்ப்பதில் நஷ்டமில்லை.